கதவைத் தட்டாத வீடு: களைத்துப்போன ஒரு மிஷனெரிக் குடும்பத்தின் 12 வாரங்கள்

இங்கே சொல்லப்படும் குடும்பம் ஒரே குடும்பம் அல்ல. நானும் என் கணவரும் மிஷனெரிகளுக்கு ஓய்வு இல்லமாக வைத்திருக்கும் எங்கள் வீட்டில் வந்து தங்கிய பலரிடம் கண்டதையும் கேட்டதையும் ஒன்றாகக் கோத்து, யாருடைய அடையாளமும் வெளிப்படாதபடி எழுதியிருக்கிறேன். உபசரித்தவர்களான நாங்கள் செய்த தவறுகளை மட்டும் மறைக்கவில்லை. இதே வேலையில் இறங்க நினைக்கும் சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் அவைதான் அதிகம் பயன்படும்.

வந்தபோது இருந்த நிலை

கணவருக்கு வயது 46, மனைவிக்கு 43. எங்களைவிட இளையவர்கள் என்பதால் தம்பி, தங்கச்சி என்றே கூப்பிட்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஒரே பணித்தளத்தில் 14 ஆண்டுகள். மூத்த மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். 11 வயது மகன் மட்டும் உடன் வந்தான்.

தம்பியின் வேலை வேதாகம மொழிபெயர்ப்பு. தங்கச்சிக்கு இன்ன வேலை என்று அவர்களை அனுப்பிய சபையின் பதிவேட்டில் எதுவும் இல்லை. ஆனால் எழுத்தறிவு வகுப்பு நடத்தியது, நோயாளிகளை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, வந்தவர் போனவருக்கெல்லாம் சமைத்துப் போட்டது எல்லாம் அவள்தான். தொடக்கத்தில் குழுவில் 6 பேர். ஒரு தம்பதி உடல்நலம் கெட்டுத் திரும்பியது. இன்னொரு தம்பதி கசப்பான ஒரு சண்டைக்குப் பிறகு போய்விட்டது. மிஞ்சிய இருவர்மேல் 6 பேரின் வேலையும் விழுந்து 2 ஆண்டு ஆகியிருந்தது.

5 ஆண்டுக்கு முன்னால் விடுப்பில் வந்திருக்கிறார்கள். அந்த 10 வாரத்தில் 31 சபைகளுக்குப் போனார்கள். ஒவ்வொன்றிலும் படம் காட்டி, சாட்சி சொல்லி, காணிக்கை கொடுத்துத் தாங்குபவர்களைப் பார்த்து நன்றி சொல்லி, இரவுக்கு ஒவ்வொருவர் வீட்டில் படுத்து எழுந்தார்கள். விடுப்பு என்று கணக்கில் எழுதப்பட்டது அதுதான்.

இந்த முறை அனுப்பிய சபையிலிருந்து எங்களுக்கு வந்த கடிதம் நான்கே வரி. கொஞ்சம் சோர்ந்திருக்கிறார்கள், ஒரு மாதம் வைத்திருந்து உற்சாகப்படுத்தி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வந்து இறங்கிய அன்று மாலையே வரவேற்பு என்று எங்கள் சபையார் 20 பேரை வீட்டுக்கு அழைத்திருந்தோம். பாட்டு, ஜெபம், பிறகு கேள்விகள். தம்பி எல்லோருக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். அவர் கையிலிருந்த கோப்பை மட்டும் தட்டில் பட்டு ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்டேன். பயணக் களைப்பு என்று நினைத்துவிட்டேன். எல்லோரும் போனபிறகு அவர் என்னிடம் கேட்டார்: "காலையில ஜெபம் எத்தனை மணிக்கு அக்கா? நான் ஏதாவது தியானம் கொடுக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம் தம்பி, தூங்குங்க" என்றார் என் கணவர்.

"அப்ப நாங்க என்ன செய்யணும் அண்ணே?"

இந்தக் கேள்வியை அடுத்த 3 வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதவு

மூன்றாம் நாள், காலை உணவு ஆறிப்போகிறதே என்று நான் போய் அவர்கள் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. பையன்தான் கதவைத் திறந்தான். நான் வாய் திறக்குமுன், "அப்பா இல்லை" என்றான். அப்பா அவனுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

காரணம் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பணித்தளத்தில் இரவில் கதவு தட்டப்பட்டால் அது நோயாக இருக்கும், சண்டையாக இருக்கும், இல்லையென்றால் சாவு. 13 ஆண்டு அவர் எழுந்து போய்த் திறந்திருக்கிறார். கடைசி ஆண்டில் முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி மகனை அனுப்பியிருக்கிறார். "பிள்ளையப் பொய் சொல்ல வச்ச மிஷனெரி நான்" என்று என் கணவரிடம் சொல்லி அழுதார். மொழிபெயர்ப்பு தாமதமானதோ தாங்குபவர்கள் குறைந்ததோ அவரை அந்த அளவு வதைக்கவில்லை.

காரணம் தெரியாதபோதே ஒரு காரியம் செய்தோம். அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று முடிவு எடுத்தோம். அறைக்கு வெளியே ஒரு சிலேட்டுப் பலகை மாட்டி, சாப்பாட்டு நேரத்தை எழுதிவைத்தோம். வந்தால் சேர்ந்து சாப்பிடலாம், வராவிட்டால் மூடிவைத்திருக்கும். வரவில்லையே என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஐந்தாம் நாள் தம்பி தானாகவே தன் கைபேசியைக் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தார். அதன்பிறகு வந்த அழைப்புகளுக்கெல்லாம் என் கணவரே பதில் சொன்னார். வாசலிலும் தொலைபேசியிலும் ஒருவர் நின்று "இப்போது முடியாது" என்று சொல்வது உபசரணையில் பாதி வேலை என்று இப்போது நினைக்கிறேன். தன்னால் மறுக்க முடியாதவருக்காக இன்னொருவர் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் 10 நாள் இருவரும் நாளுக்கு 11, 12 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். ஆனாலும் தம்பிக்கு விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும்.

என்ன நோய், என்ன நோயல்ல

முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இதை எந்த ஓய்வு இல்லமும் தள்ளிப்போடக் கூடாது. தங்கச்சிக்குத் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. அவள் ஓராண்டாகச் சோம்பல் என்று தன்னைத் திட்டிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு அது. தம்பியைப் பார்த்த மனநல மருத்துவர் மனச்சோர்வு நோய் இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். அதை விழுங்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்கள் என்ற பயம். சொல்லவும் சொன்னார்கள். அன்பான வீடும் நல்ல தூக்கமும் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. இரண்டும் சேர்ந்தபோதுதான் அவர் தேறினார்.

வேலையால் வரும் எரிந்துபோன நிலையை ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறோம். 1974இல் அதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய தன்னார்வலர்களிடம்தான் அதைக் கண்டார். மனம் உவந்து வந்தவர்களே எரிந்துபோவதைக் கண்டு எழுதியது அது. பின்னாளில் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் இருப்பதாகக் காட்டினார். உள்ளம் வற்றிப்போவது ஒன்று. யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள்மேலேயே ஒரு மரத்துப்போன கசப்பு வருவது இன்னொன்று. நான் செய்ததில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆளிடம் மட்டும் கோளாறைத் தேடாதே, வேலையிடத்தையும் பார் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

மிஷனெரிகளைப் பொறுத்தவரை மிகவும் ஆபத்தானது அந்த இரண்டாவது முகம். அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வாடிக்கையாளர்மேல் எரிச்சல் வந்தால் அவர் விடுமுறை கேட்பார். மிஷனெரிக்கு மக்கள்மேல் எரிச்சல் வந்தால் அன்பு தணிந்துபோயிற்று, பாவம் செய்துவிட்டேன் என்று உபவாசம் இருப்பார். சாப்பிடாமல், தூங்காமல், முழங்காலில் நின்று, ஏற்கெனவே வற்றிய உடம்பை மேலும் வற்றடிப்பார். தம்பி அப்படி 40 நாள் உபவாசம் இருந்திருக்கிறார். அந்த 40 நாளுக்குப் பிறகுதான் கதவைத் திறக்க முடியாமல் போனது.

இரண்டாம் ஞாயிறு

அடுத்த தவறும் எங்களுடையதே. இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்கு அவர்கள் வந்திருந்தார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு. எங்கள் போதகர் ஆராதனைக்கு முன் என் கணவரிடம், "5 நிமிஷம் சாட்சி சொல்லட்டுமே" என்று கேட்டார். என் கணவர் தம்பியைப் பார்த்தார். தம்பி உடனே எழுந்துவிட்டார்.

25 நிமிடம் பேசினார். அவ்வளவு அருமையான சாட்சியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சபையே கண்ணீர் விட்டது. வெளியே வந்தபோது ஒரு மூப்பர் என்னிடம், "இவருக்கா சோர்வு?" என்றார். அன்று மதியம் படுத்தவர் புதன்கிழமை வரை எழவில்லை. தங்கச்சி சொன்னாள்: "அக்கா, அவருக்கு மைக் கிடைச்சா பேச்சு வரும். அது பழக்கம். அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருப்பவர்களைச் சாட்சி கேட்கக் கூடாது, ஜெபிக்கச் சொல்லக் கூடாது, பாடச் சொல்லக் கூடாது என்று சபையில் எழுத்தில் கேட்டு வாங்கினோம். சிலர் வருத்தப்பட்டார்கள். மிஷனெரியைப் பார்க்கிறோம், ஒரு வார்த்தைகூடக் கேட்கக் கூடாதா என்றார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் 14 ஆண்டு கொடுத்துக்கொண்டே இருந்தவர், தன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத மனிதர்கள் நடுவே ஒரு மாதமாவது இருந்தால்தான் அவர் உடம்பு பயத்தை விடுகிறது. இந்த 12 வாரத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சூனேமில் ஒரு பெண் எலிசாவுக்குக் கட்டிய மாடியறையைப் பற்றி 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு. "அவர் நம்மிடத்தில் வரும்போது அங்கே தங்கலாம்" என்று கணவனிடம் சொல்கிறாள். தூங்கலாம், எழுதலாம், உட்காரலாம், இருட்டில் பயமில்லாமல் இருக்கலாம். வீட்டின் நடமாட்டத்திலிருந்து விலகிய இடம். பிரதிபலனாக என்ன செய்யவேண்டும் என்று எலிசா கேட்டபோது, என் ஜனத்தின் நடுவே சுகமாய்க் குடியிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். அவளுக்கு அவரிடமிருந்து ஒரு பிரசங்கம்கூட வேண்டியிருக்கவில்லை. எங்கள் அறையில் நான் வைத்திருந்த ஜெபக்குறிப்பு அட்டைகளையும் தாங்குபவர்கள் கையெழுத்திடும் விருந்தினர் ஏட்டையும் அந்த வாரம் எடுத்துவிட்டேன்.

தங்கச்சியும் பையனும்

ஓய்வு வேண்டும் என்று கடிதம் வந்தது தம்பிக்காக. உண்மையில் அதிகம் வற்றியிருந்தது தங்கச்சி என்று நினைக்கிறேன். நாங்களும் அதைத் தாமதமாகத்தான் கண்டோம், ஏனென்றால் அவள் எங்கள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். நான் ஒரு நாள் கொஞ்சம் கண்டிப்பாகவே தடுத்தேன். முகம் சுருங்கி அறைக்குப் போய்விட்டாள். ஓய்வை ஒருவர்மேல் கட்டாயமாகத் திணிப்பதும் இன்னொரு கட்டளைதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள். கடைசியில் சொன்னது: "தெரியலை அக்கா. யாரும் கேட்டதில்ல."

மூன்றாம் வாரத்திலிருந்து அவள் தனியாக ஆற்றுப்படுத்துநரை (கவுன்சிலரை) பார்த்தாள், கணவரோடு சேர்ந்தல்ல. அவளுக்கென்று ஒரு மணி நேரம், அவளுக்கென்று ஒருவர். எட்டாம் வாரத்தில் ஒரு பழைய தையல் இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, யாருக்கும் தேவைப்படாத துணிகளை வெட்டித் தைக்கத் தொடங்கினாள். தைத்துக்கொண்டே மெல்லப் பாடினாள். தம்பி அடுத்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பாடி 2 ஆண்டுக்கு மேல் ஆயிற்றாம்.

பையன் காலையில் எழுந்ததும் சிலேட்டுப் பலகைக்குப் போவான். முதலில் சாப்பாட்டு நேரம் பார்க்கத்தான் என்று நினைத்தோம். ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "பாட்டி, இன்னைக்கு யாராவது வர்றாங்களா?" இல்லை என்றேன். "நாளைக்கு?" நாளைக்கும் இல்லை என்றதும் அப்பாவிடம் ஓடினான். அன்று முதல் பலகையில் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே "இன்று யாரும் வரவில்லை" என்று எழுதத் தொடங்கினேன். மிஷனெரிப் பிள்ளைகள் பிறருக்கு அப்பாவை விட்டுக்கொடுத்தே வளர்கிறார்கள். அதற்கு அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஓய்வுத் திட்டம் போடும்போது பிள்ளைக்கென்று தனியாக யோசிக்காத இல்லங்கள் நிறைய இருக்கின்றன. எங்கள் இல்லமும் அப்படித்தான் இருந்தது.

யாரோடு ஒப்பிடுவது

ஆறாம் வாரம் தம்பிக்குக் கோபம் வந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்றவர், சபைமேல், பிரிந்துபோன நண்பர்மேல், கர்த்தர்மேல்கூடக் கோபப்பட்டார். ஆற்றுப்படுத்துநர் அதை நல்ல அறிகுறி என்றார். எங்களுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பதில் சொல்லாமல் கேட்டோம். பதில்கள் எல்லாம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு இரவு சொன்னார்: "ஏமி கார்மைக்கேல் அம்மா 55 வருஷம் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பலை. நான் 14 வருஷத்துல உட்கார்ந்துட்டேன்." இந்த ஒப்பீட்டைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் தோனாவூரில் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய அதே ஏமி 1893இல் ஜப்பானுக்குப் போய், ஏறக்குறைய 15 மாதத்தில் உடல்நலம் கெட்டு அந்தத் தளத்தை விட்டுவந்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. தோனாவூரில் உடன் ஊழியருக்கும் பிள்ளைகளுக்கும் இளைப்பாற மலைக்காட்டில் ஓர் இடம் ஏற்படுத்தியதும், 1931இல் விழுந்து காயப்பட்டபின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து பிறர் பராமரிப்பில் வாழ்ந்ததும் அந்தக் கதையில் சேர்வதில்லை.

ஹட்சன் டெய்லரின் கதையிலும் அப்படித்தான். 1900இல் சீனாவில் அந்நியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக எழுந்த பாக்ஸர் கலவரத்தில், அவர் நிறுவிய சீன உள்நாட்டு மிஷனைச் சேர்ந்த 58 பெரியவர்களும் 21 பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். செய்தி வந்தபோது அவர் உடைந்த உடல்நிலையோடு சுவிட்சர்லாந்தில் டாவோஸில் இருந்தார். அதற்குப் பிறகு பழைய பொறுப்புக்கு அவர் திரும்பவே இல்லை, தலைமையை டி. இ. ஹோஸ்ட்டிடம் ஒப்படைத்தார். அதற்கு 20 ஆண்டுக்கு முன்பே, சீனாவின் சீஃபூ கடற்கரையில் மிஷனெரிகளுக்காக ஆரோக்கிய இல்லம் ஏற்பட வழிசெய்தவரும் அவர்தான். கோடைக்கானலில் 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் முதல் வீடுகளைக் கட்டியதும் வெயிலிலும் காய்ச்சலிலும் மடிந்துகொண்டிருந்த தங்கள் ஆட்களைக் காப்பாற்றத்தான். முன்னோர் ஓய்வில்லாமல் உழைத்தார்கள் என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த வீடுகளை மறந்துவிடுகிறார்கள்.

திரும்பிப் போவது பற்றி

ஒரு மாதம் முடிந்ததும் அனுப்பிய சபை கேட்டது: "எப்போது திரும்புகிறார்கள்?" 12 வாரம் வேண்டும் என்று மருத்துவரின் கடிதத்தோடு எழுதினோம். அடுத்து வருடாந்தரக் கூட்டத்தில் பேசக் கேட்டார்கள். மறுத்தோம். ஒரு தாங்குபவர், தான் ஓய்வுக்காகக் காணிக்கை கொடுக்கவில்லை என்று எழுதினார். அந்தக் கடிதத்தைத் தம்பியிடம் காட்டவில்லை. காட்டாமல் இருந்தது சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

எலியா தீர்க்கதரிசியின் சோர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள், சாக விரும்பி அவர் படுத்துக்கொண்ட சூரைச்செடியோடு நின்றுவிடுவார்கள். தூதன் தட்டி எழுப்புகிறான், அடையும் தண்ணீரும் இருக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி உணவு; "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." எங்கள் வேலையின் முதல் பாதி அதில் இருக்கிறது. ஆனால் 1 இராஜாக்கள் 19 அங்கே முடியவில்லை. அதிகாரத்தின் கடைசியில் எலிசா வருகிறான். எலியா திரும்பிப் போகும்போது வேலைக்கு இன்னொரு ஆள் கொடுக்கப்படுகிறது. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னவருக்குக் கிடைத்த பதிலில் அதுவும் ஒரு பகுதி. நாங்கள் அந்த முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு ஆளைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தில் இருந்தோம். அப்படிப் போனவர்களில் சிலர் ஓராண்டுக்குள் ஊழியத்தையே விட்டார்கள். 1990களில் உலக இவாஞ்சலிக்கல் ஐக்கியம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வில், ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 மிஷனெரிகள் அளவில் களத்தை விட்டுப் போவதாகவும், அந்த விலகல்களில் பல தவிர்த்திருக்கக்கூடியவை என்றும் தெரியவந்தது.

ஆகவே ஒன்பதாம் வாரத்தில் அனுப்பிய சபையின் பொறுப்பாளர்கள் இருவரை வரவழைத்து உட்கார்ந்தோம். தம்பியும் தங்கச்சியும் தாங்களே எழுதிய ஒரு தாளை வைத்தார்கள். இன்னொரு தம்பதி வரும்வரை இரவு அழைப்புகள் அவர்களுக்கு வரக்கூடாது. உள்ளூர் விசுவாசிகள் மூவர் முறைவைத்து ஏற்க முன்வந்திருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் கதவு மூடியிருக்கும். ஆண்டுக்கு 4 வாரம் ஓய்வு, அதில் சபைச் சந்திப்பு கிடையாது. சபைகளைப் பார்க்கும் காலம் வேறாகக் கணக்கிடப்படும். தங்கச்சியின் வேலை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். கடைசி வரி மகளைப் பற்றியது: பள்ளி விடுமுறை எல்லாம் பெற்றோரோடு.

பொறுப்பாளர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருவர் தாளைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தானும் ஒரு காலத்தில் களத்திலிருந்து உடைந்து திரும்பியவர் என்றும், அப்போது யாரும் இப்படிக் கேட்கவில்லை என்றும் சொன்னார். பெரும்பாலானவற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு தம்பதியை அனுப்புவது பற்றி மட்டும் உறுதி தரவில்லை.

தம்பிக்கு உடனே திரும்ப மனமில்லை, தங்கச்சிக்கு இருந்தது. இது எங்களுக்கு எதிர்பாராதது. ஆற்றுப்படுத்துநர் உதவியோடு அவர்கள் பேசி எடுத்த முடிவு இது: 9 மாதம் நகரத்தில் இருந்து மொழிபெயர்ப்பு வேலையை மட்டும் செய்வது, மாத்திரையைத் தொடர்வது, அதன்பின் முடிவெடுப்பது. மகள் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த 9 மாதம் முடிந்து, போன மாதம் 10 வாரச் சோதனையாகப் பணித்தளத்துக்குப் போயிருக்கிறார்கள். தூக்கம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார் தம்பி. இரண்டு இரவு 3 மணிக்கு விழித்ததையும் எழுதியிருந்தார். இன்னொரு தம்பதி இன்னும் கிடைக்கவில்லை. 10 வாரம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் அறை அவர்கள் பெயரில் இருக்கிறது. நன்றாக இருந்தாலும் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். சிலேட்டுப் பலகையை எடுத்துவிடாதீர்கள் என்று கடிதத்தின் அடியில் பையன் எழுதியிருக்கிறான்.